இடமறிதலும் அமானிதமும்

திருக்குறளில் 49ஆம் அதிகாரம் காலமறிதல். அதை அடுத்து நிற்கும் 50ஆம் அதிகாரம் இடனறிதல். காலமும் இடமும் இணைபிரியாதவை என்பதை நம் மார்க்கமும் நாள்தோறும் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. தொழுகைக்கு வக்து வேண்டும். முகம் திருப்பக் கிப்லா வேண்டும். வக்தும் கிப்லாவும் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, "நான் எங்கே நிற்கிறேன்?" என்னும் வினா ஒரு முஸ்லிமுக்குப் புதியதன்று.

ஆனால், "அவர் எங்கே நிற்கிறார்?" என்று ஒருவரைக் குறித்து மற்றொருவர் கேட்பது வேறு வினா. முன்னது இபாதத்தைச் சேர்ந்தது. பின்னது எதைச் சேர்ந்தது? இவ்விரு வினாக்களுக்கும் இன்று ஒரே கருவி விடை தருகிறது. நம் சட்டைப் பையிலும் வீட்டுப் பெண்களின் கைப்பையிலும் இருக்கும் கைப்பேசிதான் அது. இதனால் எழுந்த ஒரு சிக்கலையே இங்கு வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கேள்வி வந்த விதம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் கணினிக் கல்வி பயின்று, கைப்பேசிச் செயலிகள் உருவாக்கும் தொழில் செய்துவருகிறார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் திண்ணையில் வந்தமர்ந்தார். முகத்தில் தெளிவில்லை.

"ஹஜ்ரத், தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் செயலி ஒன்றைச் செய்து தருமாறு ஒருவர் கேட்டிருக்கிறார். பயன்படுத்துவோர் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாக எடுக்க வேண்டுமாம். செயலி மூடிக்கிடக்கும் நேரத்திலும் எடுக்க வேண்டுமாம். அந்த விவரத்தை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்கிறார். இதற்குச் சம்மதித்தால் என் கூலி ஏறத்தாழ இரு மடங்காகும். தங்கைக்கு நிக்காஹ் பேசியிருக்கிறோம். இது கூடுமா?" என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. ஒரு பொருளின் தன்மையை அறிந்த பின்னரே அதன்மீது ஹுக்மு கூற வேண்டும் என்பது நம் உஸ்தாதுமார்கள் கற்பித்த முறை. "தம்பி, முதலில் இக்கருவிகள் எவ்வாறு இடத்தை அறிகின்றன என்பதை எனக்கு விளக்கு" என்றேன். இரண்டு மாலைப் பொழுதுகள் அவர் ஆசிரியராக இருந்தார். நான் மாணவனாக இருந்தேன்.

நான்கு வழிகள்

முதலாவது, ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் வழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதன் முதற் கோளை 1978இல் ஏவியது. 1995இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் கோள்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் குறிப்புகளேனும் கிடைத்தால், அவை வந்து சேரும் கால வேறுபாட்டைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். திறந்த வெளியில் பிழை சுமார் 5 மீட்டர்தான். கட்டடத்துக்குள் இவ்வழி தளர்ந்துவிடும். பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அந்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கிய பிறகே இத்துணைத் துல்லியம் நமக்குக் கிட்டியது.

இரண்டாவது, செல்பேசிக் கோபுர வழி. நகரத்தில் சில நூறு மீட்டரும், நாட்டுப்புறத்தில் சில கிலோமீட்டரும் பிழை வரும். மூன்றாவது, சுற்றிலும் உள்ள வைஃபை நிலையங்களின் அடையாளங்களைத் திரட்டி, அவற்றை ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி, இடத்தைக் கேட்டறிவது. கட்டடத்துக்குள்ளும் சில பத்து மீட்டர் அளவுக்கு இது சொல்லிவிடும். நான்காவது, புளூடூத் வழி. கடையிலோ நிலையத்திலோ பொருத்திய சிறு கருவியை நாம் நெருங்கியதும் அது அறிந்துகொள்ளும். இதன் எல்லை சில மீட்டர்.

இவற்றைக் கேட்டபோது ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. செயற்கைக்கோளுக்கு நாம் எங்கிருக்கிறோம் என்பது தெரியவே தெரியாதாம்! அது பேசுகிறது, நம் கைப்பேசி கேட்கிறது, அவ்வளவே. பாங்கு சொல்லும் முஅத்தினுக்கு, அதை எந்தெந்த வீட்டில் யார் யார் கேட்டார் என்பது தெரியாதது போன்ற நிலை இது. அப்படியானால் நம் இரகசியம் எங்கே வெளியேறுகிறது? கைப்பேசி தனக்குள் கணித்து வைத்த விடையை, அதனுள் இருக்கும் செயலி எடுத்துப் பிறருக்கு அனுப்பும்போதுதான். வானத்தில் குற்றமில்லை. குற்றம் இருக்குமானால், அது செயலியை எழுதும் மனிதரின் கையில் இருக்கிறது.

தேவையின் அளவு எவ்வளவு?

இனிக் கணக்குக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் தமிழகத்தின் அளவில் தீர்க்கரேகை ஒரு பாகை என்பது ஏறத்தாழ 109 கிலோமீட்டர். ஆக, கிழக்கு மேற்காக 27 கிலோமீட்டர் சென்றால்தான் லுஹருடைய நேரம் ஒரு நிமிடம் மாறும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே வேறுபாடு சுமார் 13 நிமிடம். ஊர்ப் பெயர் ஒன்று தெரிந்தால் தொழுகை நேரத்தைக் கணித்துவிடலாம். ஊருக்குள் எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த அறையில் என்று அறிவதால் அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் திருந்தப் போவதில்லை.

கிப்லாவும் இத்தகையதே. சென்னையிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் தொலைவு. திசை நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. நாம் நிற்கும் இடத்தைப் பத்துக் கிலோமீட்டர் பிழையாகக் கொண்டாலும் திசையில் வரும் வேறுபாடு கால் பாகைக்கும் குறைவு. தொலைவில் இருப்போர் கஅபாவின் திசையை நோக்கினால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கஅபாவையே நோக்கியிருப்பதாக எண்ணம் வலுப்பெற வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். எந்தத் துறையில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்னும் ஆராய்ச்சி நம் ஃபிக்ஹுக்குப் புதியதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

நம் முன்னோரும் இடமறியும் கலையில் பின்தங்கியவர் அல்லர். கஸ்னீ நகரின் இருப்பிடத்தையும் கிப்லாவையும் கணிக்க அல்பீரூனி தனி நூலே எழுதி 1025இல் முடித்தார். திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் 1371இல் அங்கே ஒரு பெரும் சூரியக் கடிகாரத்தை அமைத்தார். அக்கடிகாரம் ஊருக்கே நேரம் காட்டியது. ஆனால், நேரம் பார்க்க வந்தவர் யார், எந்த வழியே வீடு திரும்பினார் என்று எவருக்கும் அது சொன்னதில்லை!

சுவரேறிக் குதித்தல்

தேவைக்கு மேற்பட்ட இந்த அறிதலுக்கு மார்க்கத்தில் என்ன பெயர்? திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அதற்கு தஜஸ்ஸுஸ் என்று பெயர். நூர் அத்தியாயம், அனுமதி கேட்டு ஸலாம் உரைக்காமல் பிறர் வீட்டில் நுழைவதைத் தடுக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையை முன்னிட்டுத்தான் என்ற கருத்தை அவர்கள் உணர்த்தினார்கள். கால் நுழைவது மட்டுமன்று, கண் நுழைவதும் நுழைவே. இன்றோ காலும் கண்ணும் இல்லாமல் கணக்கு நுழைகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டின் சுவரேறிப் பார்த்து, உள்ளே பாவம் நடப்பதைக் கண்டு கண்டித்தார்களாம். அந்த மனிதரோ, "நான் செய்த தவறு ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வராமல் சுவர் வழியே வந்தீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள்" என்ற பொருள்பட விடையிறுத்தாராம். நாட்டையே ஆண்ட உமர் (ரலி) அவர்கள், ஒரு பாவியின் சொல்லை ஏற்றுத் திரும்பினார்கள். "தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று இன்று கேட்போருக்கு இதிலே விடையுண்டு. அங்கே தவறு நடந்தது உண்மை. ஆயினும் சுவரேறியது சரியாகிவிடவில்லை.

"அல்லாஹ் எங்கும் நம்மை அறிகிறானே, மனிதர் அறிந்தால் என்ன?" என்றும் சிலர் கேட்பர். அல்லாஹ் அறிபவன் மட்டுமல்லன். அடியானின் குறையை மறைத்தருளும் சத்தாராகவும் இருக்கிறான். மறைக்கும் கருணையின்றி அறியும் ஆற்றலை மட்டும் கைக்கொள்ளும் மனிதனிடம் அச்சம் கொள்வது தகும் அன்றோ!

நடந்தேறிய ஒரு படிப்பினை

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9 கோடியே 80 லட்சம் முறை பதிவிறக்கம் செய்யப்பட்டதாகக் கூறப்பட்ட 'முஸ்லிம் புரோ' என்னும் தொழுகைச் செயலியிலிருந்து, எக்ஸ்-மோடு என்னும் தரகு நிறுவனத்துக்கு இட விவரங்கள் சென்றன. அத்தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளரில் அமெரிக்க இராணுவத்துக்கு ஒப்பந்தப் பணி செய்வோரும் இருந்தனர் என்பதே அச்செய்தி. தாங்கள் இராணுவத்துக்கு நேரடியாக விற்றதாகக் கூறுவது உண்மையன்று என்று அச்செயலியினர் மறுத்தனர். எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பை உடனே முறிப்பதாகவும் அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் விவரங்களை விற்கக் கூடாதென அத்தரகு நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

கிப்லாவைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவராவது, "என் இடத்தை விற்றுக்கொள்ளுங்கள்" என்று அறிந்து சொல்லியிருப்பாரா? நம் ஃபிக்ஹு நூல்களில் வதீஆ என்றொரு பாடம் உண்டு. பாதுகாக்கத் தந்த பொருளை, உரியவர் அனுமதியின்றித் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினால், அமானிதத்தைக் காப்பவர் என்ற நிலை போய், அவர் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவராகிறார். "அனுமதி பெற்றோமே, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோமே" எனலாம். எவரும் படிக்க முடியாத நீளத்தில் எழுதி, எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே அறியாதவரிடம் பெற்ற சம்மதத்தில் ஜஹாலத் நிறைந்திருக்கிறது. அறியாமையின்மீது கட்டிய ஒப்பந்தத்தை நம் இமாம்கள் எளிதில் ஏற்றவர் அல்லர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் 2017இல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்திருக்கிறது.

துல்லியமும் ஒரு கடமை

இவ்வளவும் கூறியதால், துல்லியமே தீது என்று எவரும் கொள்ள வேண்டாம். வயற்காட்டில் பாம்பு தீண்டிக் கிடப்பவருக்கு ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலி, கோபுரத்தை மட்டும் நம்பி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இடம் காட்டினால் உயிர் போய்விடும். பாக் நீரிணையில் படகு செலுத்துவோருக்கு, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வரையப்பட்ட கடல் எல்லை எங்கே என்பது செயற்கைக்கோள் அளவிலேயே தெரிய வேண்டும். அங்கே துல்லியத்தைக் குறைப்பது அநீதி. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைப்பது அத்ல். உரிய இடமல்லாத இடத்தில் வைப்பது ளுல்ம் என்று நம் ஆலிம்கள் இலக்கணம் வகுத்தனர். இடமறியும் கருவிகளையும் அவற்றுக்குரிய இடத்தில் வைப்பதே நீதி. எந்த வழியைத் தேர்வது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியன்று. அதைத் தேரும் கணத்திலேயே செயலியை உருவாக்குபவர் நீதியையோ அநீதியையோ தேர்ந்துவிடுகிறார்.

இவ்வளவையும் பேசியபின் அம்மாணவரிடம் கேட்டேன்: "தம்பி, நீ சொன்ன நான்கு வழிகளையும் விட்டு, ஐந்தாவதாக ஒரு வழி உண்டா?"

அவர் சற்று யோசித்து, "உண்டு, ஹஜ்ரத். 'தங்கள் ஊர் எது?' என்று கேட்டு, ஊர்ப் பட்டியலைக் காட்டலாம். எந்தக் கருவியும் வேண்டாம். கணக்கு முழுவதும் கைப்பேசிக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே எதுவும் போகாது" என்றார்.

கேட்டு அறிவது! வாசலில் நின்று அனுமதி கேட்பது போன்ற அந்த எளிய வழி, எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும் முன்பே இருந்ததன்றோ?

அவர் அந்தப் பணியைத் தம் நிபந்தனையின்படி செய்து தருவதாகச் சொல்லிப் பார்த்தார். மறுதரப்பினர் ஒப்பவில்லை, வேலை கைவிட்டுப் போயிற்று. தங்கையின் நிக்காஹுக்கு அவர் கடன் வாங்கினார். நான் கூறிய சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. ஹலாலைத் தேர்ந்தவருக்கு உடனே இருமடங்காகக் கிடைத்தது என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததையே எழுத வேண்டும். துஆச் செய்வதன்றி அவருக்கு ஈடாக என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றிரவு என் கைப்பேசியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு என் இடத்தை அறிய அனுமதி தந்திருக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்பது செயலிகள்! அவற்றுள் மூன்றுக்கு 'எப்போதும்' என்று தந்திருந்தேன். எப்போது தந்தேன் என்பதே நினைவில்லை. துல்லியமான இடத்துக்குப் பதில் ஏறத்தாழ இருக்கும் பகுதியை மட்டும் காட்டும் வசதி 2020, 2021 முதலே கைப்பேசிகளில் வந்துவிட்டது. அதையும் நான் அறியாதிருந்தேன். பிறர் நம் வீட்டுச் சுவரேறுவதைக் கண்டிக்கும் நாம், ஏணியை நாமே சாத்தி வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் பார்த்துக்கொள்வது நல்லது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.