நோயாளியை விலக்கல் வினைக்கொள்கைக்கு ஒக்குமோ?

நீலமலையில் கோத்தகிரிக்கு அணித்தாகிய கட்டபெட்டில் அன்பர் சிலருடன் அளவளாவியிருந்த மாலையொன்றில் எச்.ஐ.வி. நோயைப் பற்றிய பேச்செழுந்தது. அன்பர் ஒருவர், "அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர், இடையில் நாம் செய்யத்தக்கது யாது? விலகியிருத்தலே நன்று" என்றார். தீய எண்ணத்தால் அவர் அங்ஙனம் கூறினாரல்லர். சமயக்கொள்கை அதுவே எனக் கருதிக் கூறினார். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்தல் நம் கடனாயிற்று.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். எச்.ஐ.வி. என்பது உடம்பின் நோயெதிர்க்கும் ஆற்றலை மெல்ல மெல்ல அழிக்கும் நுண்கிருமி. அவ்வாற்றல் மிகக் குன்றிப் பிற நோய்கள் பற்றும் நிலையே எய்ட்ஸ் எனப்படும். உடலுறவு, குருதி, தூய்மை செய்யப்படாத ஊசி, தாயினின்று சேய் என்னும் வழிகளால் இது பரவும். தொடுதலாலும் உடனுண்டலாலும் கொசுக்கடியாலும் பரவாது. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவியார் செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வால் இந்நாட்டில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது. அக்காலத்தே அச்சம் பெரிதாயிருந்தது. 1989-இல் கோவாவில், குருதிக்கொடை செய்துவந்த டொமினிக் டிசோசா என்பார், குற்றமொன்றும் இன்றியே 64 நாள் தனிக்காவலில் வைக்கப்பட்டார். 2004 முதல் தாம்பரம் முதலிய இடங்களிலுள்ள அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாக வழங்கப்படுகின்றது. அதனை நாடோறும் தவறாது உண்பார் நெடுநாள் வாழ்கின்றனர். கிருமி குருதியிற் காணவியலா அளவிற்குக் குறைந்து அந்நிலை நீடிக்குமாயின், உடலுறவாலும் பிறர்க்குப் பரவுவதில்லை.

நோய் தணிந்தும் துன்பம் தணியாமை என்னை? அத்துன்பம் கிருமியால் வந்ததன்று; அயலாரால் வந்தது. தமக்கு நோயுண்டென்று கேட்டவர் முதலில் உறக்கத்தை இழக்கின்றனர். பின்னர்த் தம்மைத் தாமே இழித்து நோக்குகின்றனர். 'யார் அறிவர், யார் அறியார்' என்னும் ஐயம் நிழல்போல் உடன் வருகின்றது. மலைச்சிற்றூரில் பேருந்து ஏறுமிடத்திலும் எல்லாம் தெரிந்த முகமே. ஆதலின் மருத்துவமனைக்குச் செல்ல நாணுகின்றனர்; வீட்டில் மாத்திரையை மறைத்துவைத்து, விருந்தினர் வந்த நாளில் உண்ணாது விடுகின்றனர். விடவிடக் கிருமி பெருகும். மருந்திற்கு அடங்காததாகவும் மாறும். இங்ஙனம் அயலாரின் நாவே நோயாளியின் உடம்பிற் புகுந்து நோயை வளர்க்கின்றது. கணவனால் நோயுற்ற மனைவி, அவன் இறந்தபின் அவனைக் கொன்றவளெனப் பழிக்கப்பட்டுப் புக்ககத்தினின்று நீக்கப்படுதலும், ஒன்றுமறியாக் குழவி பள்ளியில் ஒதுக்கப்படுதலும் உண்டு.

இனி, 'வினைப்பயன் நுகர்ந்தே தீர வேண்டுமன்றோ?' எனின், வேண்டும். ஆயின் எவ்வினை எப்பயனாய் விளைந்ததென்று அறிந்து ஊட்டுவோன் இறைவன். சிற்றறிவினராகிய நாம் அல்லேம். அறியாததை அறிந்தாற்போல் ஒருவர்மேற் சுமத்துதல் ஆணவத்தின் செயலாம். அன்றியும், நோய் அவர்க்குப் பிராரத்தமாயின், அவரை நாம் நடத்தும் முறை நமக்கு ஆகாமியம். அவர் பழவினையைக் காட்டி நாம் புதுவினை ஈட்டுதல் பேதைமையன்றோ? கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, திருஞானசம்பந்தர் வினையென்று கூறி வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி அது நீங்கச் செய்தார். சூலைநோயால் நொந்து வந்த தம்பியாரைத் திலகவதியார் பழைய பிழையைக் கூறித் திருப்பி அனுப்பினாரல்லர். மேலும், கிருமி பற்றியது உடம்பையே; உயிரையன்று. உயிரைப் பற்றிய நோய் ஆணவமலம். அது நோயாளிக்கும் நமக்கும் பொது.

அற்றேல், 'தீயொழுக்கத்தைக் கடியாதிருத்தல் நோயைப் பெருக்காதோ?' எனின், பெருக்காது. பழிச்சொல்லுக்கு அஞ்சுவோர் குருதியைச் சோதித்துக்கொள்ளார். சோதியாதவர் அறியாமலே பிறர்க்குப் பரப்புவர். ஆதலின் இகழ்ச்சியே நோய்க்குத் துணையாகின்றது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் இசைவின்றிச் சோதித்தலையும், அவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுதலையும், வேலை, கல்வி, மருத்துவம், உறையுள் ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலையும் விலக்குகின்றது. எனினும், அயலானை அருகிருந்து உண்ணுமாறு சட்டம் செய்யவியலாது. அது நம்பால் உள்ளது.

இவற்றையெல்லாம் கேட்ட அன்பர் சிறிதுபொழுது வாளாவிருந்து, "அங்ஙனமாயின், என் வீட்டிற்கு அவர் வந்தால் நாங்கள் உண்ணும் கோப்பையிலேயே தேநீர் தரலாமோ?" என வினவினார். "தருக, உடனிருந்து நீவிரும் பருகுக, அவர் கூறியதை உம்மோடு வைத்துக்கொள்க" என்றோம். வினைக்கொள்கையை உணர்ந்தார் செய்யத்தக்கது அதுவே என்பது நம் துணிபு.