வரைந்தவரே ஓட்டினார்

உலகத்திலேயே வேகமான படகு எந்தத் தொழிற்சாலையில் உருவானது? சிட்னியில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வேலையை நிறுத்த வேண்டியதுதான்.

கட்டியவர் கென் வார்பி. பிழைப்புக்கு மின்கருவிகள் விற்றார். படகுச் செலவுக்கு ஓவியம் தீட்டியும் விற்றார். மரச்சட்டம், பிளைவுட், மேலே ஃபைபர்கிளாஸ்: உடல் அவ்வளவே. ஆஸ்திரேலிய விமானப்படை கழித்துப்போட்ட ஜெட் எஞ்சினை ஏலத்தில் சொற்ப விலைக்கு எடுத்துப் பொருத்தினார்.

படகை வரைந்தவர், இழைத்தவர், பிறகு அதில் ஏறி உட்கார்ந்தவர் எல்லாம் ஒரே ஆள். சாதனையைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வார்பியின் சிறுவயது நாயகன், படகு வேகச் சாதனையாளர் டொனால்ட் கேம்பெல். 1967 ஜனவரியில் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில், மணிக்கு 450 கி.மீ.க்கும் மேலான வேகத்தில், கேம்பெலின் படகு மூக்கைத் தூக்கி மல்லாந்தது, அவர் பிழைக்கவில்லை. அவ்வளவு வேகத்தில் இந்த வகைப் படகு தண்ணீரைத் தொடுவதே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சின்ன இடங்களில்தான். மூக்கு கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தால் போதும், அடியில் புகும் காற்று புரட்டிவிடும். இதெல்லாம் தெரிந்தேதான் வார்பி பென்சிலைப் பிடித்தார். கோடு பிசகினால் போவது தன் உயிர் என்னும்போது வரைகிற கை அவசரப்படாது. ஓட்டிப் பார்த்தார், திருத்தினார், வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி ஓட்டினார். இப்படியே வருஷங்கள் போயின.

1977 நவம்பரில், நியூ சவுத் வேல்ஸின் பிளவரிங் அணையில், மணிக்கு 464 கி.மீ.: உலக சாதனை. அதோடு நிறுத்தியிருக்கலாம். 1978 அக்டோபர் 8 அன்று அதே அணையில் 511 கி.மீ.! ஒரு திசையில் மட்டும் ஓடினால் சாதனை ஆகாது. திரும்பியும் ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. கேம்பெல் இறந்தது அப்படித் திரும்பிய ஓட்டத்தில்தான்.

பிறகு முயன்ற அமெரிக்கர்களில் லீ டெய்லர் 1980இல் தாஹோ ஏரியில் ராக்கெட் படகோடு மாண்டார். கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இல் ஃபுளோரிடாவில். வார்பி 2023 வரை, 83 வயது வாழ்ந்தார். அந்த 511ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை. வார்பியும் மகனுமாகச் சேர்ந்து வடிவமைத்த இன்னொரு படகு இருக்கிறது. அதை ஓட்டுகிறவர், மகன் டேவ்.