மேசை ஒன்று போதும், மேடை தானாக வரும்

மேடை கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. குரல் இருக்கிறது, மெட்டுக் கட்டத் தெரிகிறது, கையில் போன் இருக்கிறது. அப்புறமும் எந்த டிவி எப்போது ஆடிஷன் வைக்கும் என்று வருஷக்கணக்கில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? எழுந்திரு! உனக்கான போட்டியை நீயே நடத்து. உன் ஊரில் உன்னைப் போல இன்னும் பத்துப் பேர் ஏங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்.

காசு எங்கே, ஸ்டூடியோ எங்கே என்று இழுக்காதே. இந்தக் கதையைக் கேள்.

2008-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இசைவிழா. லாரா கிப்சன் என்ற பாடகி ஒரு மதுக்கூடத்தில் பாடுகிறார். மெல்லிய குரல். கூட்டத்தின் இரைச்சலில் பாட்டு காதிலேயே விழவில்லை. கேட்க வந்தவர்களில் பாப் பாய்லன், ஸ்டீபன் தாம்சன் என்ற இருவர் என்.பி.ஆர். என்னும் பொது வானொலியைச் சேர்ந்தவர்கள். இதற்குப் பதில் பாய்லனின் ஆபீஸ் மேசைக்கே வந்து பாடிவிடலாம் என்று தாம்சன் கேலியாகச் சொன்னார். பாய்லன் அதைக் காரியமாக்கிவிட்டார். சில வாரங்களில் லாரா வாஷிங்டனில் உள்ள அந்த வானொலியின் ஆபீசுக்கு வந்தார், அந்த மேசையில் பாடினார், வீடியோ இணையத்தில் ஏறியது. இன்று உலகம் பார்க்கும் ‘டைனி டெஸ்க்’ கச்சேரி பிறந்தது இப்படித்தான்.

2014 டிசம்பரில் அதே வானொலி ஒரு போட்டியை அறிவித்தது. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு மேசையருகே பாடி வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்ற வேண்டும். முக்கியமான நிபந்தனைகள் அவ்வளவுதான். முதல் போட்டியில் ஜெயித்தவர் பெயர் ஃபென்டாஸ்டிக் நெக்ரிட்டோ. தொண்ணூறுகளில் பெரிய கம்பெனி ஒப்பந்தம் கிடைத்து, ஆல்பம் போணியாகாமல், பிறகு கார் விபத்தில் மூன்று வாரம் கோமாவில் கிடந்து, வாசிக்கும் கை சிதைந்து, இசையையே தலைமுழுகியவர். ஜெயிக்கும்போது வயது 47. அதன் பிறகு 2017, 2019, 2021 என மூன்று கிராமி விருதுகள். ‘எனக்கு இனிமேலா?’ என்று கேட்கும் முப்பது வயதுக்காரர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கவும்.

2016-இல் நடந்த இரண்டாம் போட்டியில் 6,000 பேருக்கு மேல் போட்டியிட்டார்கள். வென்றவர் மினசோட்டா மாநிலத்து கேலின் லீ. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய், சக்கர நாற்காலி வாழ்க்கை. வயலினைத் தோளில் சாய்த்து வாசிக்க அவர் உடம்பு இடம் கொடுக்காது. என்ன செய்தார்? வயலினைச் செல்லோ மாதிரி முன்னால் நிமிர்த்தி வைத்தார், நழுவாமலிருக்கக் காலோடு பிணைத்தார், வில்லைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார். ஐந்தாம் வகுப்பில் அவர் கேள்விஞானத்தைக் கண்டுகொண்டு ஊக்கம் தந்த இசை ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். டிவி ஷோவாக இருந்தால் அந்த நாற்காலியை நாலு தரம் காட்டி, பின்னணியில் சோக இசை போட்டு, நடுவர்களை அழவைத்திருப்பார்கள். இங்கே பாட்டைக் கேட்டார்கள், பரிசைக் கொடுத்தார்கள்.

வானொலியும் இணையமும் கைகோக்கும்போது வருகிற பலம் இது. இணையம் கதவை எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கடலில் உன் பாட்டை யார் தேடுவார்கள்? வானொலியில் ஒரு மனிதர் காதுகொடுத்துக் கேட்டுப் பொறுக்கி, ‘இதைக் கேளுங்கள்’ என்று நாலு பேருக்குச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி 1995-இல் ‘அன்எர்த்ட்’ என்ற தேடலைத் தொடங்கி, தலைநகரங்களை விட்டு ஊர் ஊராகப் போனது. 2006-இல் இணையத்துக்கு வந்து யாரும் பாட்டை ஏற்றலாம் என்றாக்கியது. அதற்கு முன்பே, 2001-இல் அந்தத் தேடலில் வென்ற பாடகி மிஸ்ஸி ஹிக்கின்ஸ் அப்போது பள்ளி மாணவி. பாட்டை அனுப்பியதே அவருடைய அக்காதான்! உன் தங்கை நன்றாகப் பாடினால், அவள் கூச்சப்பட்டால், நீ அனுப்பு.

சரி, போட்டி நடத்தப்போகிறாய். சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமைக்காரர்கள் வீடியோவையே முடக்கிவிடுவார்கள், அதோடு நகலெடுக்கிறவனுக்கும் படைக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். சொந்தப் பாட்டு கேள். பாடுகிறவர்களிடம் நுழைவுக்கட்டணம் வாங்காதே, அது பாவம். லைக்கை நடுவராக்காதே, சொந்தபந்தம் அதிகம் உள்ளவன் ஜெயித்துவிடுவான். நடுவர்கள் முதல் சுற்றில் வீடியோவைப் பார்க்கவே வேண்டாம், ஒலியை மட்டும் கேட்கட்டும். நிறமும் உடுப்பும் அப்போதே அடிபட்டுப் போகும்.

வானொலிக்கு எங்கே போவது என்கிறாயா? இந்தியாவின் முதல் வளாக வானொலியே 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். தான். இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்துகின்றன. சுற்றுவட்டாரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். எட்டட்டுமே! மிச்ச உலகத்துக்கு யூடியூப் இருக்கிறது. இன்னொன்று: நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவானதாக இருக்க வேண்டும் என்பது அரசு வகுத்த விதி. ஆக, நீ அங்கே கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு நீ தேவை.

போட்டிக்குப் பெயர், நிபந்தனைகள், கடைசித் தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சமுதாய வானொலி நிலையத்துக்குப் போய், வாரம் அரைமணி நேரம் கேள். திங்கட்கிழமையே போ.