பெற்றோர் நோற்க வேண்டிய விரதம்



பகவான் விருஷபதேவர் துறவு பூணுமுன், தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தாமே கற்பித்தார் என்று ஜினசேன ஆசாரியர் அருளிய ஆதிபுராணம் கூறுகின்றது. பரதன், பாகுபலி முதலிய மைந்தர்க்கும் வெவ்வேறு கலைகளைப் பயிற்றுவித்தார். இதனால் நாம் அறிய வேண்டுவன இரண்டு. கற்பிக்கும் கடமையைத் தந்தை பிறரிடம் விட்டுவிடவில்லை. எல்லா மக்களையும் ஒரே அச்சில் வார்க்கவும் இல்லை.

நம் இல்லங்களிலோ, "இரவில் உண்ணாதே, நீரை வடிகட்டிப் பருகு" என்கிறோம். "ஏன்?" என்று குழந்தை வினவினால், "அது நம் வழக்கம்; எதிர்க்கேள்வி கேளாதே" என்று அதட்டி விடுகிறோம். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால்தான் மும்மணி ஆகும். நடுவில் உள்ள ஞானத்தை விடுத்து, ஒழுக்கத்தை மட்டும் திணித்தால், அது பெற்றோரின் கண் முன்னே உள்ளவரைதான் நிற்கும். கல்லூரி விடுதிக்குச் சென்ற முதல் இரவிலேயே கழன்று போகும். மாலையில் விளக்கொளியை நாடி வந்து வீழும் சிற்றுயிர்களைக் குழந்தைக்குக் காட்டுங்கள். "நம் உணவிலும் இவை வீழ்ந்து மடியும்; இவற்றுக்கும் உயிர் இனிது" என்று எடுத்துரையுங்கள். தானே உணர்ந்த உயிரிரக்கம், தனித்திருக்கும் போதும் பிள்ளையைக் காக்கும்.

அணுவிரதங்களும் முதலில் பெற்றோர்க்கே உரியவை. கொல்லாமையைக் கற்பிக்கும் தந்தை, சினம் மிகுந்து மகனை அடிப்பாராயின், மகன் கற்றது கொல்லாமையா, சினமா? வாயிலில் நிற்பவரிடம், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என மகளை அனுப்புபவர், பொய்யாமையை எந்த நாவால் போதிப்பார்? கேட்டவை அனைத்தையும் கேட்டவுடன் வாங்கிக் கொடுக்கும் தாய், பொருளுக்கு அளவு உண்டு என்பதை எப்போது உணர்த்துவார்? நாம் சொல்வதைப் பிள்ளைகள் மறந்தாலும், செய்வதை மறப்பதில்லை.

பிழை செய்த பிள்ளையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நம் சினம் தணிந்த பின்னரே திருத்த வேண்டும். சினத்தோடு சொல்லும் அறவுரை குழந்தையின் செவியில் சினமாகவே விழும்.

தசலட்சண அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. அந்நோன்பு நிறைவுறும் நாளில் உற்றாரிடமும் மற்றோரிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். வரும் ஆண்டில், காரணமின்றி நாம் கடிந்துகொண்ட நம் மகவிடமும் அவ்வாறே வேண்டுவோம். அதனால் பெற்றோரின் பெருமை குன்றாது. பொறுமை என்பது யாதென அக்குழந்தை அன்றே அறிந்துகொள்ளும். நாளை தன் மக்களுக்கும் அதனையே வழங்கும்.

வாழ்க ஜினதருமம்! வளர்க அஹிம்சை!