பசுமைக் கட்டடமும் வாடகையாளர் பொறுப்பும்

சூழலைப் பேணும் அலுவலகக் கட்டடங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றைக் கட்டியோரையே நோக்குவர். வாடகைக்கு இருந்து தொழில் நடத்துவோர் மறக்கப்படுகின்றனர். கட்டடம் செலவிடும் மின்சாரமோ அவர்கள்பொருட்டே செலவாகின்றது.

அவுஸ்திரேலியா இதற்குத் தக்க சான்று. அங்கு ‘நபேர்ஸ்’ எனும் தரமுறை, ஒரு கட்டடம் ஓராண்டில் உண்மையாகச் செலவிட்ட சக்தியை அளந்து 6 வரையான நட்சத்திரங்களை வழங்குகின்றது. பெரிய அலுவலகங்களை வாடகைக்கு விடுவோர் இத்தரத்தை விளம்பரத்திலேயே வெளியிட வேண்டுமென 2010ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2017 முதல் 1000 சதுர மீற்றர் அலுவலகங்களும் அதனுள் அடங்கின. உயர்ந்த நட்சத்திரம் வாடகையாளருக்கும் பெருமையாயிற்று.

ஆயின், அந்நட்சத்திரம் அளப்பது யாது? குளிரூட்டல், மின்னுயர்த்தி, பொதுவிடங்களின் விளக்கு முதலாய, உரிமையாளர் பொறுப்பிலுள்ளவற்றையே. வாடகையாளர் தம் மாடியில் எரிக்கும் விளக்கும், இரவெல்லாம் அணையாத கணினியும் வேறு கணக்கிற்குரியன. அதற்கும் தரமுண்டு, எனினும் அதனைப் பெறுவது அவரவர் விருப்பம். பிறர் ஈட்டிய நட்சத்திரத்தைத் தம் ஆண்டறிக்கையில் பதித்துக்கொள்வது எளிதன்றோ!

இங்கே பணமும் குறுக்கிடுகின்றது. மின்கட்டணத்தை வாடகையாளர் செலுத்துமிடத்து, நல்ல இயந்திரத்திற்குப் பணமிட உரிமையாளருக்கு நாட்டமில்லை. சேமிப்பு மற்றவர் பைக்கே செல்லும். கட்டணம் வாடகையுள் அடங்குமிடத்து, விளக்கை அணைக்க வாடகையாளருக்கு நாட்டமில்லை. பொருளியலார் இதனைப் பிளவுண்ட ஊக்கம் என்பர். அறவியலுக்கு இது பெருஞ் சிக்கல். தீமை செய்ய ஒருவரும் எண்ணவில்லை. தீமை மட்டும் நிகழ்கின்றது. எண்ணத்தைக் கொண்டே குற்றத்தை அளப்பின், குற்றவாளி எவரும் அகப்படார்.

அறப்பண்பு எண்ணத்தால் மட்டுமன்றிப் பழக்கத்தாலும் உருவாவதென அரிஸ்டோட்டில் கொண்டது இவ்விடத்துப் பொருந்தும். அவுஸ்திரேலியக் குத்தகை ஒப்பந்தங்கள் பல, கடுங்கோடையிலும் அறையின் வெப்பநிலை 21 முதல் 24 பாகைக்குள் நிற்க வேண்டுமெனக் கோருகின்றன. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தோரின் வசதிக்கேற்ற வரம்பு இது. எத்துணைச் சிறந்த இயந்திரமும் இதன்முன் ஓயாது உழைத்தே ஆகவேண்டும். யப்பானிய அரசு 2005ஆம் ஆண்டுக் கோடையில் மறுதிசையிற் சென்றது. குளிரூட்டிய அலுவலகங்களை 28 பாகையில் வைக்குமாறும், கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுமாறும் அது வேண்டிற்று. அதற்கெனப் புதிய கட்டடம் எதுவும் எழவில்லை, மாறியது உடுப்பே.

இருதரப்பையும் பிணைக்கும் ‘பசுமைக் குத்தகை’ இப்போது பேசப்படுகின்றது. திருத்தச் செலவைப் பகிர்வதும், தனித்தனி மின்மானி பொருத்துவதும் அதில் இடம்பெறுகின்றன. அவற்றுக்கு இசையும் நிறுவனம், 24 என்பதை 26 ஆக்கும் ஒரு வரிக்கும் ஒப்பமிடுமா?