என்றோ ஒருநாள் தேவைப்படுவது

வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளில் அதிகம் பயன்படாத வசதிகளை நீக்கிவிடலாமா? எத்தனை பேர், எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பார்கள். கணக்கு விஷயத்தில் அந்த எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

நான் கணக்கு எழுதுவது குனுகேஷில். தன்னார்வலர்கள் 1998 முதல் வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் அது. அன்றாடச் செலவைப் பதிவேன், மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார்ப்பேன். பங்குகளின் பழைய விலைகளைச் சேர்த்துவைக்கும் அட்டவணை அதில் உண்டு; அந்தப் பக்கம் போவதே அபூர்வம். ஆனால் 2018 பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு மறுபடி வரி வந்தபோது, முன்பே வாங்கியிருந்த பங்குகளுக்கு 2018 ஜனவரி 31 அன்றைய விலையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். பத்து வருடம் கழித்து விற்றாலும் அந்த ஒருநாள் விலை வேண்டும். அதுவரை அந்த அட்டவணையின் பயன்பாடு பூஜ்யம் என்றே தெரியும். கணக்கு எழுதுவதே இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தானே. நிலம் விற்கும்போது, வீட்டில் ஒருவர் போன பிறகு எங்கே என்ன இருக்கிறது என்று தேடும்போது.

இன்ட்யூட் நிறுவனம் 2010-இல் மேக் கணினிகளுக்கு தன் குவிக்கன் கணக்கு மென்பொருளின் 'குவிக்கன் எசென்ஷியல்ஸ்' என்ற எளிய பதிப்பைக் கொண்டுவந்தது. பங்கு வாங்கியதையும் விற்றதையும் பதிந்துவைக்க அதில் வழியில்லை. அதன் வழியே பில் கட்டவும் முடியாது. பழகியவர்கள் பலர் பழைய குவிக்கன் 2007-ஐ விடவில்லை. 2011-இல் ஆப்பிளின் லயன் இயங்குதளம் வந்தது. அதில் 2007 ஓடவில்லை. கடைசியில் 2012-இல் அந்தப் பழைய பதிப்பையே லயனில் ஓடும்படி திருத்தி விற்க வேண்டியதாயிற்று. எளிமை என்று எடுத்துவிட்டது சிலருக்கு அவர்கள் கணக்கின் பாதி.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குனுகேஷின் அறிக்கைகள் ஸ்கீம் மொழியில் இருக்கின்றன. சி மொழியில் இருந்த உட்பகுதியைச் சிறிது சிறிதாக சி++-க்கு மாற்றிவருகிறார்கள். ஒவ்வொரு பழைய வசதியையும் கூடவே சுமந்துபோய்ச் சோதிப்பது சம்பளம் வாங்காத யாரோ ஒருவர். அவர் களைத்துப்போனால் எல்லோருடைய கணக்கும் நின்றுவிடும்.

எனக்குச் சரியென்று படுவது இதுதான்: அந்த வசதி பேரேட்டில் எதையாவது விட்டுவைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காசோலை அச்சடிப்பதை எடுத்துவிட்டால் எழுதிய கணக்கு ஒன்றும் குறையாது. விலை அட்டவணையை எடுத்தால் மனிதர் சேர்த்துவைத்தது போய்விடும். அப்படிப்பட்ட வசதியில் புதிதாக எழுதுவதை நிறுத்தலாம். எழுதியதைப் படிக்க வழி இருந்தே ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருளின் விற்பனை 2009-இல் நின்றது. மறுவருடம், இணைய ஒப்புதல் கேட்காத 'சன்செட்' பதிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய கோப்புகளைத் திறக்க முடிந்தது. அந்த மரியாதையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

காசோலை விஷயத்திலும் கொஞ்சம் தயங்குகிறேன். கை நடுங்கும் ஒருவர் அந்த அச்சை நம்பித்தான் காசோலை கொடுத்துக்கொண்டிருக்கலாம். நீக்குவதற்கு ஒரு பதிப்பு முன்னாலேயே, அந்த வசதியைத் திறக்கிறவர் கண்ணில் படும்படி அறிவிக்கட்டும். யோசித்துப் பதில் சொல்ல அவருக்கு ஒரு வருடமாவது இருக்கட்டும்.