காலூன்றும் காலம்

என் முதல் வேலைக்கான நேர்காணலில் யாப்பிலக்கணம் பற்றி ஒரு கேள்வியும் கல்யாணம் பற்றி மூன்று கேள்விகளும் கேட்டார்கள். நிச்சயம் ஆகியிருந்தது. ஆவணி கடைசியில் முகூர்த்தம் என்றேன். சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொண்டு வேலை கொடுத்தார்கள். ஒரு சுயநிதிக் கல்லூரி. ஜூனில் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு 11 வாரம் இருந்தது.

பி.காம். முதலாண்டு, இரண்டு பிரிவுகள் சேர்ந்த பொதுத்தமிழ் வகுப்பு. 72 பேர். கடைசிப் பெஞ்சில் தாளம் போடுவார்கள். மேடையேறினால் வயிற்றைப் பிசையும். ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் குறிப்பு எடுக்காமல் என்னால் நிற்க முடியாது. அந்த மூன்று மணி நேரம்தான் எங்கும் கிடைக்கவில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் தையற்காரர் இல்லை. மறுநாளும் போக வேண்டும். தமிழ் படித்தவள் என்பதால் பத்திரிகைக்கு மெய்ப்பு பார்ப்பதும் என் தலையில். தாய்மாமன் பெயர் விட்டுப்போய் மூன்றாம் முறை அச்சகத்துக்கு அலைந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அவர் போன் வரும். எடுக்காவிட்டால் மறுநாள் அவருடைய அக்கா அம்மாவிடம் விசாரிப்பார். ஆசிரியர் அறையில் இருக்கும்போது நகைக்கடையிலிருந்து அம்மா கூப்பிடுவாள்: ஆரமா, நெக்லஸா?

ஆடி மாதம் ஒருநாள் கரும்பலகையில் வெண்பாவை அலகிட்டுக்கொண்டிருந்தேன். மா முன் நேர் வந்ததை வெண்டளை என்று எழுதிவிட்டேன். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து, 'மேடம், மா முன் நிரைதானே வரணும்?' என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குப் பத்து வருடமாகத் தெரிந்த விஷயம் அது. வகுப்பு சிரித்தது.

வீட்டில் சொன்னேன், பயமாக இருக்கிறது என்று. 'பயமா இருந்தா விட்டுடு, கல்யாணத்துக்கு அப்புறம் அங்க பாத்துக்கலாம்' என்றாள் அம்மா. தைக்குத் தள்ளிவைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்றார்.

இத்தனைக்கும் என்னை மணக்கவிருந்தவர் அதற்கு முந்தைய வருடம் வேலை மாறியிருந்தார். அப்போது அவர்கள் வீட்டில் ஒரு வருடம் பெண் பார்ப்பதையே நிறுத்திவைத்தார்கள். 'பையன் புது வேலையில கொஞ்சம் காலூன்றட்டும்' என்று காரணம் சொன்னார்கள். இரு வீட்டாரும் அதை நியாயம் என்றே பேசினார்கள். எனக்கும் நியாயமாகவே பட்டது. புது வேலையில் ஒருவன் முதலில் தடுமாறுவான், அதற்கு நேரம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வேலை கிடைத்ததும் 'பொண்ணு லெக்சரர்' என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போனது. தட்டில் இன்னொரு சீர் கூடியது. சீருக்குக் காலூன்ற நேரம் எதற்கு?

பெண்களை வேலைக்கு விடுகிறார்களா என்பதோடு நம் கேள்வி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இப்போது விடுகிறார்கள், தேடியும் கேட்கிறார்கள். வேலையை மோசமாகச் செய்து, வெட்கப்பட்டு, மெல்லக் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தைத் தருகிறார்களா என்று கேட்பதில்லை. அந்த வருடம் இல்லாமல் வேலை ஒருவருடையதாக ஆவதில்லை.

வீடு மட்டும் இப்படிக் கணக்குப் போடவில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தமிழக அரசு தொடங்கியது திருமண உதவித் திட்டம். பின்னாளில் அதில் பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டம் பெற்றவருக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம் என்று ஆனது. ஏழை வீடுகளில் பெண்ணைப் படிக்கவைக்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பட்டத்தின் பலன் கைக்கு வந்த இடம் மணமேடை. 2022இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்கும்போதே மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. அரசு மாற்றிக்கொண்ட கணக்கை வீடுகள் இன்னும் மாற்றவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போய்விடும், கல்யாணம் நிற்கும் என்பது அவள் கண்ட உலகம். என்னை அவள் ஊரெல்லாம் புகழ்ந்தாள்: 'ரெண்டையும் சமாளிச்சுட்டா.' அந்தப் புகழ்ச்சி எனக்கும் இனித்தது. சமாளித்தவளுக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது அதற்குள் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் கல்யாண விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. 'நீங்க சமாளிச்சிடுவீங்கம்மா' என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் சிரித்து, தலையாட்டி, கதவு வரை போய்விட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லி, எந்த வகுப்பு பயமாக இருக்கிறது என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசினாள். அந்தப் பருவம் முடியும்வரை அவளுடைய இரண்டு வகுப்புகளை நான் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தைத் தள்ளிவைக்க அவள் வீட்டில் கேட்டாளா என்பதை நான் விசாரிக்கவில்லை.